கோட்டில் விடுபட்ட புள்ளிகள்

புன்னைத்துறைக் கடற்கரையில் ஜெனோவாவால் காசு கொடுத்து மீன் வாங்க முடிவதில்லை. பையை நீட்டினால் மீன் விழும், பர்ஸைத் திறந்தால் திட்டு விழும். "உங்கிட்ட துட்டு வாங்கினா மாதா எங்கள சும்மா விடுவாளா?" என்று சொல்லி, கூடவே இரண்டு நண்டையும் போட்டு அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் அவள் கடலில் குதித்து யாரையும் கரை சேர்த்தவள் அல்ல. நீச்சலே தெரியாது. அவள் செய்ததெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் கோடு வரைகிற மென்பொருள் ஒன்றைக் கொஞ்சம் வேகமாக ஓட வைத்தது மட்டும்தான்.

அந்தக் கோடுகள் கடல்செவி நிலையத்தின் கோடுகள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலடியில் ஒரு கண்ணாடி இழைக் கேபிளைப் போட்டிருந்தார்கள். அதன் ஒவ்வொரு மீட்டரும் ஒரு காது. மேலே படகு போனாலும், அடியில் பாறை உருண்டாலும், திமிங்கிலம் பெருமூச்சு விட்டாலும் இழை அதிரும், அதிர்வு ஒரு கோடாகத் திரையில் ஓடும். அப்படிப் பல்லாயிரம் கோடுகள். கொம்பையா என்பவரும் அவருடைய ஆட்களும் முறைவைத்து உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பார்கள். எங்காவது ஒரு படகின் இன்ஜின் திடீரென்று நின்றால் கோடு காட்டிக்கொடுத்துவிடும், மீட்புக் கப்பல் கிளம்பும்.

ஏற்பாடெல்லாம் பிரமாதம்தான். ஆனால் புயல் வந்தால் திரை உறைந்துவிடும். கடல் கொந்தளிக்கிற அன்றைக்குத்தான் சத்தமும் கூடுதல், வரைய வேண்டிய புள்ளியும் கூடுதல். எந்த நாளில் பார்க்க வேண்டுமோ அந்த நாளில் பார்க்க முடியாது. நிலையத் தலைவர் தில்லைநாயகம் ஜெனோவாவைக் கூப்பிட்டு, "எனக்கு வேற எதுவும் வேண்டாம்மா. புயலன்னைக்குத் திரை ஓடணும்" என்றார். அவள் ஆறேழு மாதம் அதிலேயே கிடந்தாள்.

எப்படிச் செய்தாள் என்று கொம்பையா ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, ஒரு நாள் சத்தத்துல கோடிக்கணக்கான புள்ளி இருக்கு. திரையோட அகலத்துக்கு நாலாயிரம் புள்ளிதான் புடிக்கும். ஒரே எடத்துல ஆயிரம் புள்ளிய ஒண்ணுமேல ஒண்ணா வெச்சா உங்க கண்ணுக்கு எத்தன தெரியும்?"

"ஒண்ணு."

"பின்ன எதுக்கு ஆயிரத்தையும் வரையணும்? அந்த எடத்துல ஒசரமானது ஒண்ணு, தாழ்வானது ஒண்ணு, ரெண்டையும் சேத்து ஒரு கோடு. முடிஞ்சது சோலி. அப்புறம், நீளமான கோட்ட ஒரே மூச்சுல வரையாம துண்டு துண்டா வெட்டி வரைஞ்சா இன்னும் வேகம்."

"எல்லாம் சரி. இந்த இறாலு கொடுமைக்கு ஒரு வழி பண்ணும்மா" என்றார் அவர்.

அந்தக் கடலடியில் ஒரு வகைச் சின்ன இறால் உண்டு. விரலளவுதான் இருக்கும். கொடுக்கைச் சொடுக்கினால் வேட்டுப் போட்டதுபோல் சத்தம் வரும். லட்சக்கணக்கில் சொடுக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் கோடெல்லாம் கறுப்புப் பட்டையாக மாறி, பார்க்கிறவர் கண்ணைக் கெடுத்தது. ஜெனோவா கடைசியாக ஒரு வெட்டு வெட்டினாள்: ஒரு கோட்டில் முன்னும் பின்னும் துணையில்லாமல் தனியே ஒரே ஒரு புள்ளி துள்ளி, அடுத்த நொடியே விழுந்தால், அது இறால். அதை வரையாதே. நிலையத்தில் அதற்கு இறால் வெட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோடு மொழுமொழுவென்று ஆனது, வேகம் இரண்டு மடங்கானது. தில்லைநாயகம் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

இப்படி எதையாவது வெட்டினால் சரிபார்க்காமல் விடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே சத்தத்தை வரையும், இரண்டு படங்களையும் கணினி ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் சிவப்பு விளக்கு. இறால் வெட்டுக்குச் சில மாதம் முன்பு, கோட்டுக்கு அடியில் மணி நேரத்தைக் காட்டும் எண்களின் எழுத்துருவை யாரோ மாற்றிவிட்டார்கள். எண்களின் விளிம்பு மயிரிழை நகர்ந்தது. கோட்டில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் அத்தனை சோதனையும் சிவப்பு. சலித்துப்போன ஜெனோவா, இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை என்கிற அளவைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தாள். இப்போதைக்கு என்றுதான் செய்தாள். மென்பொருள் எழுதுகிறவர்கள் வீட்டில் இந்த இப்போதைக்கு ஒருமுறை குடியேறினால் காலி செய்வதே இல்லை. சோதனைக்கு வைத்திருந்த சத்தத்தில் இறால் குறைவு; புள்ளி சில விடுபட்ட வித்தியாசம் தளர்த்திய அளவுக்குள் அடங்கிப்போனதால், இறால் வெட்டைச் சோதித்தபோது விளக்கு பச்சையாக எரிந்தது. அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். அந்த ஆண்டு மட்டும் மூன்று படகுகளைப் புயல் வாயிலிருந்து மீட்டார்கள். கடற்கரையில் ஒரு புது வழக்கமும் வந்தது. படகேறும் முன்பு ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். படகு கவிழ்ந்து உள்ளே மாட்டிக்கொண்டால், கையில் கிடைத்ததை எடுத்து இரும்பில் தட்ட வேண்டும். முதல் ஆள் ஒரு தட்டு, இரண்டாம் ஆள் இரண்டு, மூன்றாம் ஆள் மூன்று. சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. கேபிள் கேட்கும், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கரைக்குத் தெரியும். இதைக் கணக்குத் தட்டு என்றார்கள். மாதா கோயில் பூசையில் சாமியார் கேபிளுக்கும் அதன் கோட்டுக்கும் சேர்த்து நன்றி சொன்னார். ஜெனோவாவின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் பெரிய புயல் ஒன்று வந்தது. புன்னைத்துறையின் எஃகு விசைப்படகு ஒன்று ஆறு பேரோடு காணாமல் போனது. திங்கள் மதியம் அதன் இன்ஜின் கோடு அறுந்தது. திரை ஒரு நொடிகூட உறையவில்லை. கொம்பையாவும் ஜெனோவாவும் கேபிளின் ஒவ்வொரு துண்டையும் சலித்துப் பார்த்தார்கள். தட்டு இல்லை. அலை உயரத்தில் ட்ரோன்களுக்கும் எதுவும் தென்படவில்லை. செவ்வாய் சாயங்காலம் தில்லைநாயகம் ஊருக்கு வந்து கோயில் வாசலில் நின்று சொன்னார்: "உயிர் இருந்தா தட்டியிருப்பாங்க. தட்டியிருந்தா கோட்டுல வந்திருக்கும். எங்களை மன்னிக்கணும்." தேடுதல் நின்றது.

புதன்கிழமை காலையில் நிலையத்துக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். விண்ணரசி என்று பெயர் சொன்னாள், காணாமல் போனவர்களில் தஸ்நேவிஸ் என்பவரின் மனைவி. கொம்பையா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று ஜெனோவா நினைத்தாள்.

"நன்றி சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன் மேடம்."

ஜெனோவா திரையை விட்டுத் திரும்பினாள்.

"எங்க அப்பா கடல்ல போனப்போ இந்தக் கேபிளு கெடையாது. எங்க அம்ம சாவுத வரைக்கும் கதவ சாத்தாம படுத்தா. வருவாரு வருவாருன்னு சோறு வேற எடுத்து வைப்பா. பொட்டு வைக்கவா வேண்டாமான்னுகூட தெரியாம ஒரு பொம்பள வாழ்ந்தா. எனக்கு அந்தப் பாடு இல்ல. இல்லன்னா இல்லன்னு ரெண்டு நாள்ல சொல்லிட்டீங்க. உங்க கோடு இருக்கப்போயி நான் இன்னைக்கே அழுதுக்கிடலாம்."

அவள் கும்பிட்டாள். நிஜமாகவே நன்றியோடு கும்பிட்டாள். இத்தனை நாள் அவள் வாங்கிய நன்றியெல்லாம் கோடு காட்டியதற்காக வந்தது. இது கோடு காட்டாததற்காக வந்தது. ஒருத்தி தன் புருஷன் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டாள், அதுவும் ஜெனோவா எழுதிய நிரலை நம்பி. அந்த நிரல் எதையெல்லாம் வரையாமல் விடுகிறது என்று ஜெனோவாவுக்குத்தானே தெரியும்?

"அக்கா, போயிராதீங்க. கொஞ்சம் உக்காருங்க" என்றாள்.

"என்னம்மா பண்ணப் போற?" என்றார் கொம்பையா.

"வெட்டு எல்லாத்தையும் எடுக்கப் போறேன். ஒண்ணுவிடாம வரையட்டும்."

"திரை உறைஞ்சிருமே."

"உறையட்டும் அண்ணாச்சி."

கடைசியாக இன்ஜின் கேட்ட இடத்திலிருந்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தப் பக்கத்துக் கேபிளின் நூறு மீட்டரை மட்டும் எடுத்தாள். செவ்வாய்க்கிழமை மாலையில் சில நிமிடங்களை மட்டும் எடுத்தாள். திரை இரண்டு முறை செத்துப் பிழைத்தது. பிறகு கோடு இடது ஓரத்தில் தொடங்கி, நொண்டி நொண்டி வலப்பக்கம் நகர்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான கறுப்புப் பட்டைதான் வந்தது.

"பூரா இறாலு" என்றார் கொம்பையா.

"இருங்க. இறால் சின்னது, அதோட சத்தம் பக்கத்து மீட்டருக்கு மட்டும்தான் கேக்கும். தூரத்துல இரும்ப தட்டினா நூறு மீட்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல கேக்கணும். ஒரு கோட்டுக்குக் கீழ ஒரு கோடா அடுக்கிப் பாப்போம்."

அடுக்கினாள். நூறு கோடுகள் மெள்ள மெள்ள ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. சொடுக்குகள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவே, மேலிருந்து கீழ்வரை எல்லாக் கோட்டிலும் ஒரே இடத்தில், ஒற்றைப் புள்ளியாக ஒரு துள்ளல் இருந்தது. கிட்டத்தில் தட்டினால் மணியோசைபோல் இழுத்து அதிரும். தூரத்திலிருந்து வரும்போது இழுவையெல்லாம் தேய்ந்து ஒரு புள்ளிதான் மிஞ்சும். துணையில்லாத புள்ளி. இறால் என்று ஜெனோவா வெட்டி எறிந்த புள்ளி.

கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு. இடைவெளி. மூன்று.

விண்ணரசி நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்கு வெகு கிட்டத்தில் வந்து நின்றாள். அடுத்து வந்த தட்டுகளை விரல்விட்டு எண்ணினாள். "நாலு" என்றாள். "அவருக்குக் குடுத்த நம்பரு. அது அவரு." அதற்குப் பிறகு ஐந்தும் வந்தது, ஆறும் வந்தது. நேற்று கோயில் வாசலில் தில்லைநாயகம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஆறு பேரும் முறை தவறாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொம்பையா அதற்குள் போனை எடுத்துவிட்டிருந்தார். ஜெனோவாவின் கை நடுங்கியது. நடுங்கிய கையாலேயே அன்று காலை வரைக்குமான சத்தத்தை இழுத்து, கேபிள் முழுக்க எந்த மீட்டருக்கு முதலில் கேட்கிறது என்று பார்த்து, இடத்தைக் குறித்துக் கொடுத்தாள். கடைசிச் சுற்றிலும் ஒன்றிலிருந்து ஆறுவரை இருந்தது. மீட்புக் கப்பல் மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. தலைகீழாகக் கிடந்த படகின் அடியை அறுத்தார்கள். ஐந்து பேர் வெளியே வந்தார்கள். தஸ்நேவிஸை மட்டும் தூக்கி வந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெனோவா ஊருக்குப் போய் ஐந்து பேர் முன்னாலும் நின்று உள்ளதைச் சொன்னாள். நான் வெட்டியதால்தான் உங்கள் தட்டு திரையில் வரவில்லை, திங்கள் ராத்திரியே உங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள். யாராவது கையை ஓங்கினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தாள். யாரும் ஓங்கவில்லை. கித்தேரியான் என்ற இளைஞன்தான் பேசினான். படகில் அவன் ஐந்தாம் ஆள்.

"கண்டுபுடிச்சதும் நீங்கதானே அக்கா. அஞ்சு வீட்டுல வெளக்கு எரியுது. அத நெனைங்க."

"தஸ்நேவிஸ் அண்ணன்..."

"அவருக்கு நெஞ்சு வலி. இரும்ப அறுக்க சத்தத்த கேட்டுட்டுத்தான் கண்ண மூடுனாரு. வந்துட்டாங்கடான்னு சிரிச்சாரு. நீங்க முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் அவரு நேரம் அதுதான்."

மற்ற நால்வரும் தலையை ஆட்டினார்கள். அந்த வார்த்தை ஜெனோவாவுக்கு எவ்வளவு பெரிய தயவு என்று சொல்லி முடியாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வாரம் சோறு தின்றாள், தூங்கினாள். கித்தேரியானை நினைக்கும்போதெல்லாம் அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

இறால் வெட்டைத் தூக்கிவிட்டு, பல கோடுகளில் சேர்ந்து துள்ளும் புள்ளியை ஒருபோதும் விடாத புது முறையை அவள் எழுதினாள். ஒப்பீட்டின் அளவையும் பழையபடி இறுக்கினாள். என்ன நடந்தது என்று மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதற்காக அந்த ஆறு பேரின் தட்டுகளையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஒரு புள்ளிகூட விடாமல் வரைந்தாள். வரைந்து முடித்த படத்தைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொரு கைக்கும் ஓர் உயரம் இருந்தது. நாலாம் ஆளின் தட்டு ஆரம்பத்தில் எல்லோருடையதையும்விடப் பலமாக இருந்தது. செவ்வாய் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. புதன் விடிகாலையில் ஒரு சுற்றில் நாலாவது இடம் காலியாகக் கிடந்தது. அடுத்த சுற்றில் நாலு தட்டு மறுபடி வந்தது, ஆனால் அது ஐந்தாம் ஆளின் உயரத்தில், ஐந்தாம் ஆளின் வேகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு கப்பல் வரும்வரை அப்படித்தான். ஒரே கை நாலும் தட்டியது, கொஞ்சம் இடைவெளி விட்டு ஐந்தும் தட்டியது.

தஸ்நேவிஸ் இரும்பறுக்கும் சத்தம் எதையும் கேட்கவில்லை. தேடுதலை நிறுத்திய பிறகு ஒரு ராத்திரி முழுக்க உயிரோடு இருந்து, விடியும்போது செத்திருக்கிறார். கோடு ஒழுங்காக இருந்திருந்தால் அந்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்.

அன்று மத்தியானமே படத்தை அச்செடுத்துச் சுருட்டிக்கொண்டு விண்ணரசி வீட்டுக்குப் போனாள். விண்ணரசி முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வா தங்கச்சி" என்று பாயைத் தள்ளிப் போட்டாள். ஜெனோவா உட்காரவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்காங்க. கித்தேரியான் கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டான், உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பான். ஆனா நான் அத வெச்சுக்கிட்டு இருக்க முடியாது." படத்தை விரித்தாள். விரலை வைத்துக் காட்டினாள். "இது வரைக்கும் அண்ணன் கை. இதுல இருந்து அவரு கை இல்ல."

விண்ணரசி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். ஆரம்பத்தில் ஓங்கி நின்ற நாலு தட்டுகளின்மேல் வெகுநேரம் விரலை வைத்திருந்தாள். பிறகு விடிகாலைக்கு வந்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"கித்தேரியான் அடக்கத்தன்னைக்கே எங்கால்ல விழுந்து அழுது சொல்லிட்டான். கணக்கு கொறஞ்சா தேடுதவங்களுக்கும் மனசு கொறஞ்சிரும்னு இவனே அவருக்குச் சேத்துத் தட்டியிருக்கான்."

"பின்ன எங்கிட்ட அப்படிச் சொன்னாங்களே? சத்தத்த கேட்டாரு, சிரிச்சாருன்னு?"

"நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

ஜெனோவாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்தப் பொய் விண்ணரசிக்காகச் சொன்னது அல்ல. இவளுக்காகச் சொன்னது. இரண்டு வாரமாக இவள் சோறு தின்றது இந்தப் பெண் கொடுத்த தயவில்.

"எதுக்குக்கா?"

"அன்னைக்கு ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டு மொதல்ல இருந்து வரைஞ்ச பாரு, உங்கையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அப்படி நடுங்குச்சு. ஆனா நீ நிறுத்தல. இது தெரிஞ்சா அந்தக் கை ஓஞ்சு போயிருமேன்னு பயந்தேன். கித்தேரியானும் அவன் கூட்டாளிமாரும் வாற வாரம் கடலுக்குப் போறானுவ. நீ மூலையில உக்காந்துட்டா அவனுவளுக்கு யாரு பாப்பா?"

"எம்மேல கோவமே இல்லையாக்கா?"

"இல்லாம இருக்குமா? கண்ண மூடினா உம்மேலதான் வருது. கண்ணத் தொறந்தா அந்த அஞ்சு பிள்ளைகளும் தெருவுல நடந்து போறானுவ, அப்போ உன்னக் கும்பிடத் தோணுது. ரெண்டும் இருக்கு. என்ன செய்யச் சொல்லுத?"

ஜெனோவா அப்போதுதான் பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வெங்காயம் பக்கத்தில் இருந்தது ஒரு வசதி. அழுகைக்கு நடுவே, "நீங்க அன்னைக்கு நன்றி சொல்ல வரலன்னா நான் பாத்திருக்கவே மாட்டேன். அந்த அஞ்சு பேரையும் காப்பாத்தினது நீங்க. நான் இல்ல" என்றாள்.

"அதையும் நான் யோசிச்சிட்டேன்" என்றாள் விண்ணரசி. "அதுலதான் எனக்கும் கொஞ்சம் தூக்கம் வருது."

"விடியக்காலம் நடந்ததையும் சேத்து அறிக்கையில எழுதப் போறேன்க்கா. வேலை போனாலும் போகட்டும்."

"எழுது. எதையும் விடாம எழுது. வேலைய விட்டுப் போச்சொன்னா, என் வீட்டுக்காரரு பேரச் சொல்லி நான் வந்து சண்ட போடுதேன். போச்சொல்லலன்னா மறுநாளே போயி அந்தத் திரை முன்னால உக்காரு. நன்றின்னு நீ எனக்குச் செய்ய வேண்டியது அவ்வளவுதான்."

ஜெனோவா எழுதினாள். மறுநாள் வேலைக்குப் போனாள்.